எரேமியா 29:11ஐ எங்கிருந்து வாசிப்பது?

வெள்ளவத்தையில் கூடும் எங்கள் வேதபாடக் குழுவில், தம் மக்கள்மேல் தாம் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் வாக்களிக்கும் எரேமியா 29:11 எல்லோருக்கும் மனப்பாடம். நாட்காட்டிகளில் அதைக் காணாதவர் எவருமில்லை. ஆயினும் அதைப் படிப்பவர்கள் 28ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. பாபிலோனின் நுகம் இரண்டு வருடங்களில் முறியும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி அறிவிக்க, எரேமியாவோ எழுபது வருடங்கள் செல்லும் என்றும், அதுவரை வீடு கட்டி, தோட்டம் நாட்டி, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேட வேண்டும் என்றும் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு 29ஆம் அதிகாரத்தில் நிருபம் எழுதுகிறார். அப்படியானால் அந்த வாக்குறுதியைக் கேட்ட மூப்பர்களில் பெரும்பாலோர் அது நிறைவேறும் நாளைக் கண்டிருக்க வாய்ப்பில்லை.

ஊரைவிட்டு இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர்களும் அமர்ந்திருக்கும் அறையில் இதை நீளமாக விளக்குவதைவிட, "இந்த நிருபத்தை முதலில் வாசித்தவர்கள் யார், அவர்கள் எதை எதிர்பார்த்திருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பதே நடத்துபவரின் பணி. (பிரசங்கித்துப் பழகியவர்களுக்கு அந்த மௌனம் பெரும் சோதனை.) நம் வாழ்க்கைக்குப் பொருத்திப் பேசுவது அதற்குப் பின்னரே வர வேண்டும். விளக்கவுரைகளையும், பகுதியை எல்லோரும் இருமுறை வாசித்து முடித்த பிறகுதான் நாங்கள் திறக்கிறோம்.