பழைய வள்ளம் வாங்கும் முன் கியர் ஆயிலைத் திறந்து பாருங்கள்

பழைய வள்ளம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் வள்ளத்தின் பைபர் உடலைத் தட்டிப் பார்க்கிறார்கள். பிறகு எஞ்சினின் கயிற்றை இழுத்து, எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்று பார்க்கிறார்கள். சத்தம் சீராக இருந்துவிட்டால் பேரம் தொடங்கிவிடும். கியர் பெட்டியைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. குளச்சல் பக்கம் அவுட்போர்டு எஞ்சின்களை, அதாவது வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்களை, பிரித்துச் சேர்த்தே பிழைப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சத்தத்தை வைத்து எஞ்சினின் மேல்பாதியைத்தான் எடைபோட முடியும். கீழ்ப்பாதியைப் பற்றி அதிலுள்ள எண்ணெயிடம்தான் கேட்க வேண்டும்.

எஞ்சினிலிருந்து நேராக இறங்கும் தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இருக்கிறது. அது முன்னோட்டத்துக்கு ஒன்று, பின்னோட்டத்துக்கு ஒன்று என இரண்டு பெரிய பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கியர் போடும்போது நடுவிலுள்ள கிளட்ச் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, வள்ளத்தைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லர் சுற்றுகிறது. யமஹாவின் 9.9, 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இவ்வளவையும் காப்பாற்றுவது சுமார் 250 மில்லி எண்ணெய். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்த ஆயில் எரிந்து போய்விடும், இது பெட்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பவை சில ரப்பர் சீல்களும், எண்ணெய் வடிக்கும் அடித்திருகு, அளவு பார்க்கும் மேல்திருகு ஆகிய இரண்டின் கீழே உள்ள சின்ன வாஷர்களும்தான்.

போன ஆடியில் கடல் முரண்டு பிடித்து வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தபோது, என் மாமா ஒரு வள்ளத்துக்கு விலை பேசி வைத்திருந்தார். பைபர் நன்றாக இருந்தது, எஞ்சினும் உடனே கிளம்பியது. எஞ்சினை ஓட்டாமல் இரவு முழுக்க நிமிர்ந்த நிலையில் நிறுத்தி வைக்கும்படி விற்பவரிடம் கேட்டுக்கொண்டோம். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அசையாமல் நின்றால் எண்ணெயோடு கலந்துவிடாத தண்ணீர் அடியில் போய்த் தங்கும்.

காலையில் போய், கீழே ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, அடித்திருகை அகலமான திருப்புளியால் கால் சுற்று மட்டும் தளர்த்தினேன். மேல்திருகைத் தொடவில்லை. மேலே காற்றுக்கு வழியில்லாததால் எண்ணெய் கொட்டாமல் சொட்டாகத்தான் வரும். அந்த முதல் சொட்டுகளைத்தான் பார்க்க வேண்டும். வந்தது தெளிந்த தண்ணீர். நாக்கில் வைக்காமலே உப்பு என்று தெரிந்தது, ஏனென்றால் திருகின் மரையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. பிறகு மேல்திருகையும் கழற்றியதும் மீதி எண்ணெய் தண்ணீர் கலந்து பால் தேநீரின் நிறத்தில் கெட்டியாக இறங்கியது.

விற்பவரின் முகம் வாடிவிட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை, அவரும் அதுவரை திறந்து பார்த்ததில்லை. "எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது, தம்பி?" என்றார். ஓடும்தான். தண்ணீர் புகுந்த பெட்டி உடனே நின்றுவிடாது. வள்ளம் கரையில் சும்மா கிடக்கும் நாட்களில்தான் உள்ளே பேரிங்கில் துருப் புள்ளி விழும். பிறகு ஓட ஓட அந்தப் புள்ளி பள்ளமாகி, பேரிங் தளர்ந்து, பல்லோடு பல் சரியாகப் பொருந்தாமல் போகும். அது உடையும் இடம் பெரும்பாலும் கரையாக இருப்பதில்லை. எண்ணெயைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு அதுதான் காரணம். ஆழ்கடலில் கியர் போய்விட்டால், எஞ்சின் எவ்வளவு அழகாக உறுமினாலும் வள்ளம் நகராது.

பால் நிறம் ஒன்றுதான் ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம். கறுத்து, கருகிய வாடை அடித்தால் எண்ணெய் வெகுநாள் மாற்றப்படவில்லை, அல்லது அளவு குறைந்து சூடேறியிருக்கிறது. காந்தம் வைத்த அடித்திருகாக இருந்தால் நுனியில் சாம்பல் நிறப் பசைபோல ஒட்டியிருக்கும் நுண்ணிய தூளுக்குப் பயப்பட வேண்டாம், அது இயல்பான தேய்மானம். அதை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். சில்லோ ஊசித்துண்டோ தட்டுப்பட்டால் அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் விலை பேசக் கூடாது.

எனக்கு அதிகம் சந்தேகம் தருவது புத்தம் புதிய, கண்ணாடிபோலத் தெளிந்த எண்ணெய்தான். பழைய எஞ்சினில் நேற்று ஊற்றிய எண்ணெய் எதையும் சொல்லாது. அப்படி இருந்தால் வள்ளத்தைக் கடலில் இறக்கி, முன்னும் பின்னும் கியர் மாற்றி ஒரு மணி நேரமாவது ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி திறந்து பாருங்கள். ஆறவிடுவது முக்கியம். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், திறந்தால் எண்ணெய் பீய்ச்சும்.

பால் நிறத்தைப் பார்த்ததும் எண்ணெயை மாற்றிவிட்டுக் கடலுக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். புகுந்த வழி திறந்தே இருக்கிறதே! அந்த வழியைக் கண்டுபிடிக்க, அடித்திருகு இருந்த துளையில் கைப்பம்பையும் அழுத்தமானியையும் இணைத்து, மேல்திருகை மூடி, 10 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றுங்கள். கண்டபடி அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கலாம். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பாருங்கள். கியர் கம்பி நுழையும் இடத்திலும் தண்ணீர்ப் பம்பின் அடியிலும்கூடக் கசியலாம். ஆனால் எங்கள் கடற்கரையில் முதல் குற்றவாளி தங்கூசி என்ற நைலான் நரம்புதான்.

மாமா பார்த்த எஞ்சினிலும் அதுவே. நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, புரொப்பல்லரை இழுத்து எடுத்தபோது, பின்னால் புரொப்பல்லர் தண்டைச் சுற்றித் தங்கூசி இறுகிக் கிடந்தது. உராய்வுச் சூட்டில் இழைகள் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டி, கடினமான வளையமாகவே மாறியிருந்தன. கத்தி நுனியால் கீறித்தான் எடுக்க முடிந்தது. அதன் ஓரம் சீலின் உதட்டை ஒரு பக்கமாக அறுத்திருந்தது. வலையோ தூண்டிலோ விடும் வள்ளத்தில் புரொப்பல்லரை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது எண்ணெய் மாற்றுவதைவிட அவசரமான வேலை. திரும்ப மாட்டும்போது தண்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் தடவுங்கள், காட்டர் பின் புதியதாக இருக்கட்டும்.

எண்ணெய் நிரப்புவது எப்போதும் கீழிருந்து மேலே. எஞ்சின் நேராக நிற்க வேண்டும். எண்ணெய் பம்பின் குழாயை அடித்துளையில் பொருத்தி, மேல்துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும் வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, நிறைந்தது போலக் காட்டி ஏமாற்றும். நிறைந்ததும் மேல்திருகை முதலில் மூடிவிட்டு, பிறகு குழாயை எடுத்து அடித்திருகைச் சட்டென்று போட வேண்டும். வாஷர்களை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். நசுங்கிய வாஷரை மறுபடி போட்டு இறுக்குவது கடலுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். யமஹா கையேடு கேட்பது ஹைபாய்டு கியர் ஆயில் எஸ்.ஏ.இ. 90 (எண் கூடினால் எண்ணெய் கெட்டி). லாரிக்கு வாங்கிய 140 மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றுகிறார்கள், அது வேண்டாம். வடித்த எண்ணெயை மணலில் கொட்டாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

கையேடு சொல்லும் கணக்கு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம். தினமும் தொழிலுக்குப் போகும் வள்ளத்துக்கு 100 மணி நேரம் சீக்கிரமே வந்துவிடும். மாற்றிய தேதியை எஞ்சின் மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

மாமா விலையைக் குறைத்துப் பேசி வள்ளத்தை வாங்கினார். பெட்டியைப் பிரித்ததில் பற்கள் நன்றாக இருந்தன. பேரிங் ஒன்றையும் சீல்களையும் மாற்றினோம். புரொப்பல்லர் தண்டில் சீல் உட்காரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கிறது, நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டும். அதன் மேல் எத்தனை நல்ல சீல் போட்டாலும் நாளாவட்டத்தில் கசியலாம். அதனால் முதல் வாரத்து ஓட்டம் முடிந்ததும் அடித்திருகைக் கால் சுற்றுத் தளர்த்திப் பார்க்கச் சொன்னேன். சொட்டு சுத்தமாகவே வந்தது. புரட்டாசியில் இன்னொரு முறை பார்த்தோம், அப்போதும் சுத்தம். கோடு ஆழமானால் தண்டை மாற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.