டிகிரி வந்தாச்சு, பணம் எங்கே?

புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் எண்பதாயிரம் ரூபாய் வாங்கியவர் ஒரு தையல்கடைக்காரர். தொழில் படுத்ததும் வட்டியும் நின்றது, அசலும் நின்றது. வழக்குப் போட்டேன், அவர் பெரிதாக எதிர்க்கவும் இல்லை, டிகிரி ஆனது, அதாவது பணத்தைக் கொடுக்கச் சொல்லிக் கோர்ட் ஆணை வந்தது. "இனிமேதான் சார் கேஸே இருக்கு" என்றார் வக்கீல் குமாஸ்தா.

உண்மைதான். கோர்ட் தானாக வசூலித்துத் தராது. நிறைவேற்று மனுவை, அதாவது இ.பி.யை, நாம்தான் போட வேண்டும். எதை ஜப்தி செய்வது என்றும் நாமே காட்ட வேண்டும். டிகிரிக்கு 12 ஆண்டு உயிர் உண்டு என்பது மட்டும் ஆறுதல்.

கடைச் சாமான்களை ஜப்தி செய்யக் கேட்டோம். ஜப்தி செய்யும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு நானும் போனேன். இரண்டு தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, கொடியில் யாரோ தைக்கக் கொடுத்த ரவிக்கைகள். ரவிக்கைகள் அவருடையவை அல்ல. மெஷின் அவருடையதுதான், ஆனால் தொட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கைத்தொழில் செய்பவரின் கருவிகளை ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி எல்லாமே அப்படித்தான். கொஞ்ச நாளில் அவர் கடையை மூடிவிட்டுக் கூலிக்குத் தைக்கப் போனார். தொழிலாளியின் கூலியிலும் கை வைக்க முடியாது. மாதச் சம்பளக்காரர் என்றால் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக, மிச்சத்தைப் பிடிக்கலாம்.

"உள்ளே தள்ளுங்க, பணம் தானா வரும்" என்று சொல்லாத ஆளில்லை. வசதி இருந்தும் கொடுக்காதவருக்குத்தான் சிவில் சிறை. வெறும் இல்லாமைக்காக ஒருவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியே உள்ளே போனாலும் அதிகபட்சம் மூன்று மாதம்தான். அதுவரை அவருடைய சாப்பாட்டுப் படியைக் கட்டுவது யார் என்கிறீர்கள்? வழக்குப் போட்ட நாம்தான்.

எனக்கு உதவியது வேறொன்று. அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 21, விதி 41-இன்படி அவர் தன் சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று மனுப் போட்டோம். கோர்ட் உத்தரவிட்டும் தாக்கல் செய்யாவிட்டால் அதற்கே சிறைத் தண்டனை உண்டு. அவர் கொடுத்த பட்டியலில் வீடில்லை, நிலமில்லை, பேங்கில் சில நூறு ரூபாய். கடைசி வரியில் கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ்! கட்டட உரிமையாளர் அதை இன்னும் திருப்பித் தரவில்லை. கடன் வாங்கியவருக்கு மூன்றாம் நபரிடமிருந்து வரவேண்டிய பணத்தைப் பிடிக்க 46-ஏ விதியில் வழி இருக்கிறது. நோட்டீஸ் போனது. உரிமையாளர் வாடகைப் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கோர்ட்டில் கட்டினார்.

மிச்சத்துக்குத் தவணை பேசினோம். பெரிய தொகை கேட்டு இரண்டாம் மாதமே நின்றுபோவதைவிட, அவரால் முடிந்ததை வாங்குவது மேல் என்று பட்டது. பணத்தைப் பேங்க் வழியாகவே வாங்குகிறேன், வந்ததை கோர்ட்டிலும் பதிவு செய்துவிடுகிறோம். கோர்ட்டுக்கு வெளியே கைக்குக் கை வாங்கினால் பின்னால் கொடுத்தேன், கொடுக்கவில்லை என்ற சண்டைதான் மிஞ்சும்.

தீபாவளி நேரத்தில் வேலை அதிகம் என்று கூடுதலாகவே போட்டார். நடுவில் சில மாதம் ஒன்றும் வரவில்லை. இ.பி.யை ஒரு பகுதி வசூலானது என்று பதிந்து முடித்து வைத்திருக்கிறோம். தவணை அடியோடு நின்றால், அந்த 12 ஆண்டுக்குள் புதிதாக இன்னொன்று போடலாம்.