ரோலருக்காக ஃப்ரீவீல் மாற்றப் பட்ட பாடு

ஆடி மாதம் தனுஷ்கோடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் சைக்கிளில் திரும்பியவர்களுக்கு, எதிரே அடிக்கும் கச்சான் காற்று என்னவென்று தெரியும். அந்தக் காற்றில் மிதிக்க லேசாக இருக்கட்டுமென்றே என் சிங்கிள் ஸ்பீடில் (ஒரே கியர் உள்ள சைக்கிள்) முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழலவிடும் பல்சக்கரம்) 18 பல். காற்றும் மணலும் அடிக்கிற மாதங்களில் பயிற்சி விட்டுப்போகக் கூடாதென்று ரோலர் வாங்கினேன்; உருளைகள் மேல் சைக்கிளை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டும் சாதனம். அதில் இந்த கியர் சரிப்படவே இல்லை.

ரோலரில் எதிர்காற்று கிடையாது. டயர் உருளையில் அமுங்கி எழுகிற பாரம்தான். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் கணக்குப்படி மணிக்கு 28 கி.மீ. வரும், ஆனால் காலுக்கு வேலையே இல்லை. அதற்கு மேல் மிதித்தால் சீட்டில் உடம்பு குதிக்கிறது, வண்டி அலைகிறது. பின்னால் 16 பல் போட்டால் அதே மிதிக்கு 31 கி.மீ. அதைக் கேட்டுத்தான் மதுரையில் ஒரு கடைக்குப் போனேன்.

"16 எதுக்கு தம்பி, 14 போடுங்க, பறக்கும்" என்றார் கடைக்காரர். என் பின்சக்கர ஹப்பின் (நடுக்குடம்) மரையோடு சேருமா என்று கேட்டேன். எல்லாம் ஒரே அளவுதான் என்று அடித்துச் சொன்னார். ஊருக்கு வந்து பார்த்தால் ஹப்பில் ஏறவே இல்லை. சாதாரண ஹப்பின் மரை 1.37 அங்குலம், அதாவது ஏறக்குறைய 35 மி.மீ. 14 பல் ஃப்ரீவீல் சிறியது என்பதால் 30 மி.மீ. மரையில் வருகிறது, அதற்கு ஹப்பே வேறு. திரும்பக் கொண்டுபோனால், விற்ற பொருளை வாங்க மாட்டோம் என்று ஒரே பேச்சு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் மிச்சம், பஸ் அலைச்சலும் மிச்சம். சாதாரண ஹப் வைத்திருப்பவர்கள் 16-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். இன்னும் பாரம் வேண்டுமென்றால் முன்பக்கம் 46, 48 என்று ஏற்றுங்கள்.

16 பல் வேறு கடையில் கிடைத்தது. அப்புறம் பழையதைக் கழற்றுவது! உப்புக் காற்றில் மரை இறுகி, புல்லர் (ஃப்ரீவீலைக் கழற்றும் கருவி) போட்டும் அசையவில்லை. மெக்கானிக் உளியை எடுத்தார். "அண்ணே, உளி வேணாம், ஹப் போயிரும்" என்று தடுத்துவிட்டேன். எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் புல்லரை வைஸில் பிடித்துக்கொண்டு சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்பினோம். 'டக்'கென்று விட்டுக்கொடுத்த அந்தச் சத்தத்துக்கு இருவரும் சேர்ந்து கத்தினோம். கடலோரத்தில் இருப்பவர்கள் புதியதை மாட்டும் முன் மரையில் கிரீஸ் தடவாமல் விடாதீர்கள்.

செயினை வெட்டவில்லை. இரண்டு பல் குறைந்ததற்குப் பின்சக்கரத்தை 6 மி.மீ. அளவு பின்னால் தள்ளினால் போதும்.

இப்போது 44-16 எனக்குச் சரியாக இருக்கிறது. உருளையின் விட்டத்தையும் பாருங்கள். விட்டம் குறைந்தால் பாரம் கூடும், அதற்கு 18 பல்லே போதுமானதாக இருக்கலாம். ரொம்பக் கனமான கியர் வைத்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்போது சக்கரம் வேகம் எடுப்பதற்குள் வண்டி சாய்ந்துவிடும்.