நைட் ஷிஃப்ட்டே கேக்குற ஆம்பளைங்க

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில நான் வெல்ஃபேர் ஆஃபிசர். என் கேபினுக்கு வந்து "மனசு சரியில்ல சார்"னு எந்த ஆம்பளையும் சொல்றதில்ல. பிஎஃப் அட்வான்ஸ் ஃபார்ம் கேப்பாங்க, முதுகு வலின்னு ஃபர்ஸ்ட் எய்டு ரூம்க்கு திரும்பத் திரும்ப போவாங்க, இல்லன்னா எல்லாரும் தப்பிக்கப் பாக்குற நைட் ஷிஃப்ட்ட தொடர்ந்து எனக்கே போடுங்கன்னு வந்து நிப்பாங்க. ஏன்ப்பான்னு கேட்டா "பகல்ல தூங்கிக்கிறேன் சார்". பொண்டாட்டி கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா, ராத்திரி அந்த வீட்டுல தனியா இருக்க முடியலன்னு ரூம்மேட் மூலமாதான் நமக்குத் தெரிய வரும்.

ஆம்பள அழக்கூடாதுன்னு சொல்லி வளர்த்துட்டோம், அதான் காரணம்னு சொல்றாங்க, அது உண்மைதான், ஆனா ஷாப் ஃப்ளோர்ல எனக்கு அத விட பெருசா தெரியிறது காசு. பவர் பிரஸ்லயோ ஃபோர்க்லிஃப்ட்லயோ இருக்கிறவன் தூக்கமே வரலன்னு வாய் திறந்தா அவன மெஷின விட்டு எடுத்தாகணும், கை போயிடும், அதுல விட்டுக்கொடுக்க முடியாது. ஆனா எடுத்த அன்னைக்கே அவன் ஓ.டி. போச்சு. ஓ.டி.க்கு டபுள் சம்பளம், பைக் இஎம்ஐ, சீட்டு, தங்கச்சி கல்யாணக் கடன் எல்லாம் அந்தக் காசுலதான் ஓடுது. கான்ட்ராக்ட் பசங்களுக்கு அடுத்த தடவ கூப்பிடுவாங்களான்னே பயம். அதனால கணக்கு போட்டுதான் வாய மூடிக்கிறான், உணர்ச்சி இல்லாதவன் இல்ல அவன்.

2022ல இந்தியாவுல தற்கொலை பண்ணிக்கிட்டவங்க 1,70,924 பேர்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுது, அதுல ஆம்பளைங்க 1,22,724. மொத்தத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல தினக்கூலிக்காரங்க. இத படிச்ச பிறகு எவனாவது முதுகு வலின்னு வந்தா நான் சும்மா மாத்திரை கொடுத்து அனுப்ப விடுறதில்ல.

மனசு சரியில்லன்னா கூப்பிட்டு பேசுறதுக்கு கவர்மென்ட் நடத்துற டெலி மானஸ் ஹெல்ப்லைன் நம்பர், 14416, கேன்டீன் போர்டுல ஒட்டியிருந்தோம். ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். ஆனா நாலு பேர் பாக்குற இடத்துல நின்னு எவன் அந்த நம்பர குறிச்சிப்பான்? இப்ப டாய்லெட் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கோம்.

மேஜைக்கு எதிர்ல உக்கார வெச்சி கேட்டா ஒண்ணும் வராது, டீக்கடைல ரெண்டு பேரும் ரோட்ட பாத்து நிக்கும்போது வரும், செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சி போற பஸ்ல லைட் அணைச்சதும் வரும். அப்பா இறந்து, காரியம் முடிஞ்ச கையோட வேலைக்கு வந்த ஒரு பையன், யார் கேட்டாலும் "பரவால்லண்ணே"ன்னே சொல்லிட்டு இருந்தவன், சுங்குவார்சத்திரம் தாண்டினதும் ஜன்னல பாத்துக்கிட்டே "அப்பா நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் போட்டுட்டுதான் சார் இருக்கேன்"னான். அப்பா என்ன வேலை பாத்தாருன்னு மட்டும் கேட்டேன், காஞ்சிபுரம் வர்ற வரைக்கும் அவன்தான் பேசுனான்.

மேனேஜ்மென்ட்கிட்ட ஒண்ணு கேட்டுட்டே இருக்கேன். மனசு சரியில்லன்னு சொல்றவன கொஞ்ச நாள் வேற வேலைக்கு மாத்துங்க, ஆனா அவன் வழக்கமா வாங்குற ஓ.டி. காச குறைக்காதீங்க. லைட் டூட்டிக்கு சரின்னுட்டாங்க, காசுக்கு இன்னும் சரின்னு வரல. அது எழுத்துல வந்தாதான் நான் ஒருத்தன்கிட்ட தைரியமா "என்னடா ஆச்சு, சொல்லு"ன்னு கேக்க முடியும்.