மஞ்சக்குப்பத்துச் சுவர், மூன்றாவது பலகை

சுவரில் ஒட்டிய பழைய போஸ்டர்களை உரித்துவந்து, பலகையில் ஒட்டிப் படமாக்கிக்கொண்டிருக்கிறேன். மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போனால்தான் போஸ்டர் ஒழுங்காக உரிந்து வரும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கார்த்திகை மழையில் மைதாப் பசை இளகி, பத்துப் பன்னிரண்டு போஸ்டர்களும் ஒரே தடித்த தோலாகச் சுவரை விட்டு விலகி நிற்கும். சித்திரை வெயிலில் சுரண்டினால் கைக்கு வருவது வெறும் தூள்.

இந்தத் தடவை கடலூர் மஞ்சக்குப்பத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் பக்கச் சுவர். கடைக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். அங்கே புதிய போஸ்டர் ஒட்ட வந்த அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மேலேர்ந்து இழுக்காதீங்க தம்பி, கிழிஞ்சிடும். அடி மூலையத் தூக்குங்க, தானா வரும்." வந்தது, 2 அடிக்கு 3 அடி, ஒரே துண்டாக. பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்களாம். கையுறை போடச் சொன்னதும் அவர்தான்.

முதல் இரண்டு பலகைகளிலும் போஸ்டர்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, எழுத்துகளை அடுக்கி ஒட்டியிருந்தேன். சுத்தமாக இருந்தன, உயிர் இல்லை. 1949-இல் பாரிசில் பிரெஞ்சுக் கலைஞர்கள் ரேமோன் ஆன்ஸும் ஜாக் வில்லெக்லேவும் தெருவில் கிழிந்து தொங்கிய போஸ்டர்களை அப்படியே எடுத்துவந்து ஓவியமாக வைத்தார்கள். கிழித்துவிட்டுப் போன முகம் தெரியாத வழிப்போக்கர்தான் கலைஞர் என்பது வில்லெக்லேவின் வாதம். அதைப் படித்த பிறகுதான் கத்தரிக்கோலை உள்ளே வைத்தேன்.

மூன்றாவது பலகையில் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. துண்டை முழுதாகப் பிளைவுட்டில் பெவிகால் தடவி ஒட்டி, ஒரு ராத்திரி பாரம் வைத்தேன். மறுநாள் தண்ணீர் தெளித்து, அடியில் இருப்பது வெளியே வரும்படி மேல் தாள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தேன். தாளின் நார் ஓடும் திசையில் இழுத்தால் கிழிசல் நேராகப் போகிறது. குறுக்கே இழுத்தால் அதன் இஷ்டத்துக்கு வளைகிறது. என் பக்கமாக இழுத்தால் பலகையில் தங்கும் தாளில் வெள்ளை விளிம்பு விழுகிறது. சினிமா போஸ்டரின் நீலத்துக்கும் அடியிலிருந்த காதணி விழா மஞ்சளுக்கும் நடுவே அந்த வெள்ளைக் கோடு வந்தபோது அரை மணி நேரம் வேறு எதையும் தொடவில்லை.

இன்னும் கீழே போனதும் ஒரு கண் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யாரோ ஒரு பாட்டி. அந்த இடத்தில் மேல் தாளைத் திரும்பப் படியவைத்து ஒட்டிவிட்டேன். அவர் வீட்டார் இதே ஊரில்தான் இருப்பார்கள். 'கண்ணீர்' என்ற சொல்லில் 'ண்ணீ' மட்டும் வெளியே நிற்கிறது, கறுப்பில், உள்ளங்கை அகலத்துக்கு. பலகையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

அடுத்து போஸ்டர் இல்லை, சுவர் எழுத்து. முதுநகரில் ஒரு பழைய வீட்டு நெற்றியில் சிமெண்டில் புடைத்த 'முருகன் துணை'. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. 'ணை' யானைத் தும்பிக்கைபோல் சுருண்டிருக்கும். வீட்டு அம்மா ஏணியே எடுத்துக் கொடுத்தார். எழுத்தைப் படியெடுக்க, அதன்மேல் மெல்லிய தாளை வைத்து மெழுகுக் குச்சியால் தேய்த்தேன். கடல் காற்றில் தாள் நகர்ந்து, தும்பிக்கை பாதியில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, காற்று எழும்புவதற்குள், ஒட்டும் நாடாவோடு மறுபடி போகிறேன்.