குளத்து நீர்மட்டமும் எச்.ரி.ரி.பி ஹெடர்களும்: பிளாஸ்க்கில் செய்து பார்த்தவை

எங்கள் ஊர்க் குளத்தின் நீர்மட்டத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்கக்கூடியதாக ஒரு சிறிய இணையப் பக்கம் செய்யத் தொடங்கியபோது, எச்.ரி.ரி.பி (உலாவியும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறை) ஹெடர்களைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. ஊர், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே காட்டுப்பக்கமாக இருக்கிறது. குளக்கட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும், வயலுக்குள் இறங்கினால் ஒன்று, வீட்டுக்குள் சில வேளைகளில் அதுவும் இல்லை. பொழுதுபட்டால் யானை இறங்கும் என்பதால், அந்நேரத்தில் கட்டுக்குப் போய் அளவுத்தடியைப் பார்க்க ஒருவரும் விரும்புவதில்லை. ஆனால் காலபோகத்தில் (மாரிப் பயிர்க்காலம்) வான் பாயுமா, அதாவது குளம் நிரம்பி வழியுமா என்பதும், சிறுபோக (கோடைப் பயிர்க்காலம்) கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடலாம் என்பதும் அந்தத் தடியிலுள்ள ஒற்றை எண்ணில்தான் தங்கியிருக்கின்றன. கமக்கார அமைப்பின் செயலாளர் அண்ணை காலையில் பார்த்துச் சொல்லும் அளவை ஒரு பக்கத்தில் போட்டுவிடுவது என்பதே என் திட்டம். வேலை முடிந்து வந்த இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக இதுவரை நான்கு மாதம் போய்விட்டது. அதில் பெரும்பகுதி எண்ணைக் காட்டுவதில் அல்ல, எண்ணுக்கு முன்னால் போகும் சில வரிகளில் செலவாயிற்று.

முதல் வடிவத்தில் நிரல் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. அளவு மாறும்போது மட்டும் ஒரு எச்.ரி.எம்.எல் கோப்பை நான் திருத்தி எழுதுவேன், என்ஜின்எக்ஸ் என்ற சேர்வர் மென்பொருள் அதை அப்படியே எடுத்துக் கொடுக்கும். புரட்டாதி முழுவதும் மட்டம் அசையவில்லை, கோப்பையும் ஏறத்தாழ 20 நாட்களாகத் தொடவில்லை. பின்னர் ஓர் இரவு பெருமழை கொட்டியது. விடியற்காலையில் அண்ணை சொன்ன அளவை உடனே போட்டுவிட்டேன். மத்தியானம் அவரே தொலைபேசியில் அழைத்தார்: "தம்பி, தண்ணி ஏறிப்போட்டுது எண்டு நான்தானே சொன்னனான், என்ர போனில இன்னும் பழைய கணக்கெல்லோ நிக்குது." என் மடிக்கணினியில் புதிய எண் தெரிந்தது. அவருடைய தொலைபேசியில், பக்கத்தை விரலால் கீழே இழுத்துப் புதுப்பித்த பிறகே தெரிந்தது.

சேர்வர் அனுப்பும் ஒவ்வொரு பதிலிலும் உள்ளடக்கத்துக்கு முன்னால் பெயர், முக்காற்புள்ளி, பெறுமதி என்ற அமைப்பில் சில வரிகள் போகின்றன, பிறகு ஒரு வெற்று வரி, அதன் பின்னரே பக்கம். என் பதிலை 'கேர்ல்' என்ற கட்டளைக் கருவியால் எடுத்துப் பார்த்தபோது அந்த வரிகளில் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் 'லாஸ்ட்-மொடிஃபைட்' இருந்தது, 'கேஷ்-கன்ட்ரோல்' இருக்கவில்லை. இறக்கிய நகலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று அந்த இரண்டாவது வரியில் சேர்வர் சொல்லாவிட்டால், உலாவி தானாகவே ஊகித்துக்கொள்ள அனுமதி உண்டு. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி 9111 என்ற இணைய விதி ஆவணம், கோப்பு கடைசியாக மாறியதிலிருந்து கழிந்த காலத்தில் 10 சதவீதத்தை வழமையான ஊகமாகக் குறிப்பிடுகிறது. 20 நாட்களாகத் தொடாத கோப்பு என்றால் இரண்டு நாட்கள். அதாவது மழையில்லாத காலம் எவ்வளவுக்கு நீள்கிறதோ, மழை வந்த செய்தி அவ்வளவுக்குப் பிந்தும். குளத்துக்கு இதைவிடப் பொருந்தாத விதியை நான் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஆனாலும் பிழை விதியில் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட என்னில்தான்.

அதன் பிறகே பைதன் நிரல்மொழிக்கும், அதில் இணையப் பக்கம் செய்ய உதவும் பிளாஸ்க்குக்கும் மாறினேன். பிளாஸ்க்கின் அடியில் எச்.ரி.ரி.பி வேலைகளைச் செய்வது வேர்க்சோய்க் என்ற லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு). ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கருவி என்று பொருள். பதிலில் 'ஹெடர்ஸ்' என்ற பொருள் தயாராக இருக்கும், அகராதியில் எழுதுவதுபோலப் பெயரையும் பெறுமதியையும் எழுதினால் போதும். பழைய எண் வந்த கோபத்தில் கேஷ்-கன்ட்ரோலுக்கு எதிரே 'நோ-ஸ்டோர்' என்று எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நோ-ஸ்டோர் என்றால் எதையும் எங்கும் வைத்திருக்கக்கூடாது என்று பொருள். ஆகவே ஒரே நாளில் பத்துத் தரம் பார்ப்பவருக்கும் 46 கிலோபைட் பக்கம் பத்துத் தரமும் முழுதாக இறங்கியது. ஒரு கோடு சிக்னலில் அதற்காகக் காத்திருப்பதைவிட, சைக்கிளில் போய்த் தடியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

நான் தேடியது உண்மையில் 'நோ-கேஷ்'. பெயர் ஆளை ஏமாற்றும் பெயர்: வைத்திருக்காதே என்பதுபோல ஒலித்தாலும், வைத்திரு, ஆனால் பயன்படுத்துமுன் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேள் என்பதே அதன் பொருள். அப்படிக் கேட்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும், அதுதான் ஈடேக். சேர்வர் உள்ளடக்கத்துக்கு ஒரு முத்திரை குத்தி அனுப்புகிறது. உலாவி அடுத்த முறை 'இஃப்-நன்-மேட்ச்' என்ற ஹெடரில் அதே முத்திரையைத் திருப்பி அனுப்புகிறது. மாற்றம் இல்லையென்றால் சேர்வர் பக்கத்தை அனுப்பாமல் 304 என்று மட்டும் பதில் சொல்கிறது. வேர்க்சோய்க்கில் இதற்கு இரண்டு வரிகள் போதும். ஒன்று, பதிலின் உள்ளடக்கத்தை ஷா-1 முறையில் ஒரு சிறு குறியாகச் சுருக்கி ஈடேக் ஆக்குகிறது, மற்றது வந்த கோரிக்கையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இரண்டு வரிகளையும் எழுதிவிட்டு, 304 வரும் என்று மூன்று இரவுகள் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் 200 தான், அதாவது முழுப் பக்கமும்தான் வந்தது. இஃப்-நன்-மேட்ச் ஒழுங்காக வந்து சேருகிறதா என்று பார்த்தேன், சேர்ந்தது. மேற்கோள் குறிகளை மறந்துவிட்டேனோ என்று பார்த்தேன், இல்லை, ஈடேக்கின் இரு பக்கமும் அவை இருந்தன. கடைசியில், அடுத்தடுத்துக் கேட்ட இரண்டு பதில்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான், குளம் அசையாமல் இருக்க ஈடேக் மட்டும் முற்றிலும் மாறியிருப்பது கண்ணில் பட்டது. காரணம் பக்கத்தின் அடியில் இருந்தது. அழகுக்காக 'இப்போது நேரம்' என்று மணி, நிமிடம், செக்கன் வரை நானே அச்சிட்டிருந்தேன். ஒரு செக்கன் மாறினாலும் உள்ளடக்கம் மாறும், உள்ளடக்கத்தில் ஓரெழுத்து மாறினாலும் சுருக்கம் அடியோடு மாறும். லைப்ரரி சரியாகவே கணக்குப் பார்த்திருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, அளவு எடுக்கப்பட்ட நேரத்தைப் போட்டேன், கமக்காரருக்கும் அதுதான் தேவை. அன்றிரவே 304 வந்தது. வெறும் ஹெடர்கள் மட்டும், ஏறத்தாழ 250 பைட்.

பிளாஸ்க்குக்கு முன்னால் இன்னும் நிற்கும் என்ஜின்எக்ஸில், பக்கத்தைச் சிறிதாக்கி அனுப்பும் ஜிசிப் சுருக்கத்தை இயக்கியபோது ஈடேக்கின் முன்னால் டபிள்யூ எழுத்தும் ஒரு சாய்கோடும் ஒட்டிக்கொண்டு வந்ததால் மீண்டும் கலங்கினேன். அது வலுக்குறைந்த ஈடேக், பைட்டுக்குப் பைட் ஒன்றாக இல்லாவிட்டாலும் பொருளில் ஒன்றே என்பதற்கான குறி. இஃப்-நன்-மேட்ச் ஒப்பீட்டில் அந்தக் குறியைக் கணக்கில் எடுப்பதில்லை என்று ஆர்.எஃப்.சி 9110 சொல்வதால், 304 தொடர்ந்து வந்தது.

304 டேட்டாவை மிச்சப்படுத்தும், போய் வரும் நேரத்தை மிச்சப்படுத்தாது. 'மேக்ஸ்-ஏஜ்' கொடுத்து, பத்து நிமிடத்துக்குக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், பக்கம் கண் இமைக்குமுன் திறக்கும். ஆனால் வான் பாயும் நாட்களில் பத்து நிமிடப் பழைய எண்ணைக் காட்டியதற்கு நான்தான் குளக்கட்டில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே நோ-கேஷிலேயே நிற்கிறேன். படங்களுக்கும் எழுத்துருவுக்கும் மட்டும் மேக்ஸ்-ஏஜை ஓராண்டாக வைத்தேன்.

ஹெடர்ஸ் பொருளை அகராதி என்று நம்பியதற்கு விலை கொடுத்தது குக்கிகளில் (சேர்வர் சொல்வதை உலாவி நினைவில் வைக்கும் சிறு குறிப்புகள்). பார்ப்பவர் அடியில் பார்க்கிறாரா மீற்றரில் பார்க்கிறாரா என்பதற்கு ஒரு குக்கி, எழுத்தளவுக்கு இன்னொன்று. இரண்டையும் நானே 'செட்-குக்கி' என்று பெயரிட்டு, அகராதி முறையில் அடுத்தடுத்து எழுதினேன். எழுத்தளவு நினைவில் நின்றது, அடியா மீற்றரா என்பது நிற்கவில்லை. அகராதியில் ஒரே பெயருக்கு இரண்டாவது பெறுமதி எழுதினால் முதலாவது அழியும், ஆனால் எச்.ரி.ரி.பி-யில் ஒரே பெயர் பல முறை வரலாம். மற்றப் பல ஹெடர்களைக் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் சேர்த்துவிடலாம், செட்-குக்கியை அப்படிச் சேர்க்க முடியாது, ஏனென்றால் அதன் காலாவதித் திகதியிலேயே கிழமைக்குப் பின் ஒரு காற்புள்ளி வந்து தொலைக்கிறது. வேர்க்சோய்க் உள்ளே இவற்றைச் சோடி சோடியாக ஒரு பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அகராதி முறை மாற்றி எழுதும், 'ஆட்' என்ற வழி கூட்டி எழுதும். குக்கிக்கென்றே தனி வழி ஒன்று இருந்ததைப் பிறகுதான் கண்டேன், அது உள்ளே கூட்டியே எழுதுகிறது.

பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இல்லை என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். எச்.ரி.ரி.பி-2 இல் எல்லாம் சின்ன எழுத்திலேயே போகின்றன, கேர்லில் அப்படித் தெரிந்தால் பதற வேண்டியதில்லை.

தமிழால் வந்த தடங்கல் கார்த்திகையில் வந்தது. போகக் கணக்கை ஒரு சி.எஸ்.வி அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும், அதன் பெயர் 'குளம்' என்று தமிழில் இருக்க வேண்டும் என்பது அண்ணையின் விருப்பம். "இங்கிலீசில பேர் வைச்சா எங்க கிடக்கெண்டே தெரியாது தம்பி" என்றார், நியாயம். பெயரை, இறக்கும் கோப்பின் பெயரைச் சொல்லும் 'கொன்டென்ட்-டிஸ்பொசிஷன்' ஹெடரில் நேரே எழுதினேன், சேர்வர் 500 (உள்ளே பிழை) என்று விழுந்தது. பைதனின் சேர்வர் இடைமுகம் ஹெடர்களை லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியின் எழுத்துக்களாகவே வைத்திருக்கிறது, அந்தத் தொகுதியில் தமிழுக்கு இடமில்லை. இதற்கு விதியில் ஒரு வழி இருக்கிறது: பெயரின் பின் நட்சத்திரக் குறியிட்ட 'ஃபைல்நேம்' என்ற இரண்டாவது புலத்தில், தமிழையும் குறிக்கக்கூடிய யூ.டி.எஃப்-8 பைட்டுகளை விழுக்காட்டுக் குறியோடு எழுதலாம். 'குளம்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு க, உகரக் குறி, ள, ம, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று குறிகளாக விரியும்போது 45. மூன்றெழுத்துக் குளம் 45 குறி நீளத்தில் ஹெடரில் கிடப்பதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

பிளாஸ்க்கின் கோப்பு அனுப்பும் வழியில் பெயரைக் கொடுத்தால் இதை அதுவே செய்கிறது என்பதால், கையால் எழுதியதை அழித்தேன். ஆனால் பழைய தொலைபேசி ஒன்றிலிருந்த பதிவிறக்கச் செயலி இறக்கிய கோப்பு எங்கும் தென்படவில்லை. நட்சத்திரப் புலம் புரியாதவர்களுக்காகச் சாதாரணப் பெயர் ஒன்றையும் லைப்ரரி கூடவே எழுதுகிறது, அதில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்துக்களை நீக்கிவிடுகிறது. பிரெஞ்சுப் பெயர் என்றால் எழுத்தின் மேலுள்ள குறிகள் மட்டும் உதிரும். தமிழ்ப் பெயரில் ஒன்றும் மிஞ்சாது, மிஞ்சியது புள்ளியும் சி.எஸ்.வி-யும்தான். புள்ளியில் தொடங்கும் கோப்பு ஆண்ட்ராய்டில் மறைந்திருக்கும். எனவே அந்த ஒரு ஹெடரை மட்டும் மீண்டும் கையால் எழுதுகிறேன்: சாதாரணப் புலத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், நட்சத்திரப் புலத்தில் தமிழ்ப் பெயர்.

கடைசி வேலை குளக்கட்டில் வைத்த சிறு பலகை. ஈ.எஸ்.பி32 என்ற சிறு கணினிச் சில்லு ஒன்று, ஒலியலையால் நீர்மட்டத்தை அளந்து, ஒரு மணிக்கொருமுறை என் சேர்வருக்கு அனுப்ப வேண்டும். வேறு யாரும் எண் போடாதிருக்க, நானே பெயரிட்ட ஒரு ஹெடரில் சாவியை வைத்தேன், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு. சேர்வர் ஒவ்வொரு முறையும் 401 (சாவி இல்லை) என்று மறுத்தது. பலகை அனுப்பியது உண்மை, கோரிக்கை வந்ததும் உண்மை, ஆனால் பிளாஸ்க்கைக் கேட்டால் அப்படியொரு ஹெடரே இல்லை என்றது. நான் பார்த்த பதிவு எதிலும் ஒரு முறைப்பாடும் இல்லை. பெயரில் அடிக்கோடு உள்ள ஹெடர்களை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே கைவிட்டுவிடும் என்பதை ஆவணத்தில் படித்த பிறகுதான் அறிந்தேன். காரணம் நல்ல காரணம்தான்: பைதன் பக்கம் போகும்போது இடைக்கோடு அடிக்கோடாக மாற்றப்படுவதால், இரண்டு வேறு பெயர்கள் ஒன்றாகிவிடும், ஒருவர் மற்றவரின் ஹெடரை ஏமாற்றி எழுதலாம்.

இடைக்கோடு போட்டாலே போதுமாயிருந்தது. ஆனால் சாவிக்கென்றே 'ஒதரைசேஷன்' ஹெடர் இருக்கும்போது புதுப்பெயர் எதற்கு என்று தோன்றியதால், 'பேரர்' என்ற சொல்லுக்குப் பின் சாவியை வைத்து அதிலேயே அனுப்பினேன். அன்று பின்னேரம் 4.10க்கு, வரிசையாகக் கிடந்த 401களுக்குக் கீழே முதலாவது 201 (பதிவாயிற்று) விழுந்தது. பலகை இன்னும் மறையாக்கம் இல்லாத எச்.ரி.ரி.பி-யிலேயே பேசுகிறது, சாவி தபாலட்டையில் எழுதியதுபோலத் திறந்தபடி போகிறது. ஈ.எஸ்.பி32 இல் சான்றிதழைச் சரிபார்க்க வைப்பது வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு.