குப்பைக் கிடங்கு ஓரத்துத் தண்ணீர் அறிக்கையை வாங்கியது எப்படி

கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நாற்றத்தையும் ஈக்களையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்ரலில் கிடங்கு பற்றி எரிந்தபோது வந்த புகையைப் பற்றியும்தான். எனக்கு வேண்டியிருந்தது எங்கள் பகுதி நிலத்தடி நீரைச் சோதித்த அறிக்கை. மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கறுப்பாகக் கசிகிறது. போர் போட்டிருக்கிற வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். எழுத்தர் வாங்கவே இல்லை. "எதற்குக் கேட்கிறீர்கள்? வீட்டு வரி ரசீது எங்கே? உங்கள் ஊர் பேரூராட்சியாயிற்றே, இங்கே ஏன் வந்தீர்கள்?" கோவை மாநகரத்தின் குப்பை ஊருக்குள் வருவதற்கு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அவரிடம் வாதாடிப் பயனில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் ஒரு வரி பதில்: "கோரிய தகவல் இவ்வலுவலகம் சார்ந்ததல்ல." உண்மையில் அப்படியென்றால் 6(3)இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றியிருக்க வேண்டும். இதை மட்டும் குறிப்பிட்டு, அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்தேன். பதில் கிடைத்த முப்பது நாளுக்குள் செய்துவிடுங்கள்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று எழுதாதீர்கள். கருத்துக் கேட்கிறீர்கள் என்று தள்ளிவிடுவார்கள். மாதிரி எடுத்த தேதி, இடத்தின் சர்வே எண், ஆய்வகத்தின் மூல அறிக்கை என்று ஆவணமாகவே கேளுங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு அதுதான் கைகொடுத்தது. இல்லை என்று சொன்ன அலுவலகத்திலேயே நாற்காலி போட்டு, கோப்பை எடுத்து வைத்தார்கள்.

அறிக்கையில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. ஆனால் கீழே "வரம்புக்குள் உள்ளது" என்று குறிப்பு. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் 500தான் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரமே இல்லாதபோது மட்டும் 2000 வரை விடலாம். அந்த 2000த்தை வைத்துக் கணக்கை நேர் செய்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். "குடிக்கலாமா, கூடாதா? அதைச் சொல்" என்றார். வாடகைக்கு விடும் ஒருவரோ, இதை வெளியே காட்டினால் குடிவர ஆள் கிடைக்காது என்று கோபித்துக்கொண்டார். கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இருக்கிற வாடகையே ஈக்குப் பயந்து இறங்கியதுதான்.

ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்களின் அளவை எழுத வேண்டிய கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அடுத்த மனு அவற்றுக்கு. இதுவும் பதிவுத் தபாலில்தான்.